கிருமிக்கு எந்த ஊர்?

அத்தியாயம் 7

"கிருமிக்கு எந்த ஊர்னு கண்டுபிடிங்க மேடம். ஊரு, பேரு, யார் உள்ள கூட்டிட்டு வந்தாங்க. இந்த மூணும் இருந்தாப் போதும் எனக்கு."

டாக்டர் ராஜவேல் சுழல்நாற்காலியில் சாய்ந்து கொண்டார். அரியலூரில் 'ராஜவேல் மழலை மருத்துவமனை' என்று நான்கு மாடிக்குக் கட்டி எழுப்பியவர். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கேடயங்கள் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. பாதிக் கேடயங்களில் 'தூய்மை' என்ற சொல் இருந்தது. அதற்கும் மேலே ஒரு பெரிய போர்டு. அதில் அவரே கைகூப்பிச் சிரித்தபடி, 'பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே! தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்!' என்று கேட்டுக் கொண்டிருந்தார். இதே போர்டு ஒவ்வொரு மாடியிலும் உண்டு.

எதிரே கலையரசி உட்கார்ந்திருந்தாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னமே காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் வருஷம் முழுக்க வேலை. கிருமியை விசாரிப்பது இதுதான் முதல் தடவை.

அவள் பக்கத்தில் உதவியாளன் அமாவாசை. தன் பெயரை யாராவது கேலி செய்வதற்குள் தானே கேலி செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவன். வாய் மட்டும் ஓயாது. ஆனால் இன்று அந்த வாய்க்குள் பயம் இருந்தது. இதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவனுடைய மகள் கிடந்தாள். நாள் நிறையுமுன் பிறந்துவிட்டவள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

"மொத்தம் ஆறு குழந்தைங்க" என்றார் டாக்டர். "ரத்தத்துல கிருமி. எந்த மருந்துக்கும் அடங்கலை. கடைசி மருந்துன்னு ஒண்ணு வெச்சிருப்போம், அதைப் போட்டு அஞ்சைத் தேத்திட்டு வர்றோம். ஒண்ணு தவறிடுச்சு."

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னார். அமாவாசைக்குக் கோபம் வந்தது. மகள் இவர் கையில் இருக்கிறாள் என்ற நினைப்பு அந்தக் கோபத்தை விழுங்க வைத்தது.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டாள் கலையரசி.

"சந்தேகமே இல்லை மேடம். நர்ஸ் புவனேஸ்வரி. குரும்பலூர்க்காரி. முன்னாடி பெரம்பலூர்ல எனக்குப் போட்டி ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலை பாத்தவ. சஸ்பெண்ட் பண்ணியாச்சு. அந்த ஆஸ்பத்திரிக்காரங்கதான் அனுப்பி வெச்சிருக்கணும்."

"கிருமியைக் கொடுத்தா? டிபன் பாக்ஸ்லயா சார்?" என்றான் அமாவாசை.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. "இல்லேன்னா இலவச வார்டு ஜனங்க. கைகால் சுத்தம் தெரியாதவங்க. நாளைக்கு விசாரணைக் குழு வருது. இவங்க ரெண்டுல யாருன்னு நீங்க சொல்லிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"நோய் வந்த ஆறு குழந்தையும் இலவச வார்டா சார்?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு ஸ்பெஷல் ரூம். ஒண்ணுதான் இலவச வார்டு."

"கிருமிக்கு ஏ.சி. புடிச்சுப் போச்சு போல" என்றான் அமாவாசை.

"ஸ்பெஷல் ரூம்ல ஒரு குறையும் இல்லை!" டாக்டர் மேசையைத் தட்டினார். "என் பேரனே போன மாசம் அங்கதான் பொறந்தான். பக்கத்து ரூம் அஞ்சுலயும் காய்ச்சல். அவனுக்கு ஒரு தும்மல்கூடக் கெடையாது. உள்ள வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் நாளே பெரிய ஆன்டிபயாடிக் போட்டுடறோம். தேவை இருக்கோ இல்லையோ, ஒரு பாதுகாப்புக்கு."

"திருடன் வர்றதுக்கு முந்தியே வானத்தப் பாத்துச் சுட்டுக்கிட்டு இருக்கிற மாதிரிங்களா சார்?"

கலையரசி அவன் காலை மிதித்தாள். எழுந்துபோய் மூலையில் இருந்த வாஷ்பேசினில் கை கழுவினாள். அந்த அறைக்கும் பக்கத்து ஊசி போடும் இடத்துக்கும் பொதுவான பேசின் அது. அவள் கழுவிக் கொண்டிருக்கும்போதே ஒரு சிஸ்டர் வந்து, குட்டி பாட்டில்களில் மீந்திருந்த ஊசி மருந்தையெல்லாம் அதில் கவிழ்த்துவிட்டுப் போனாள். பேசின் விளிம்பில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிச் சங்கு ஒன்று ஈரத்தோடு குப்புறக் கிடந்தது.

"அழகா இருக்கே" என்றாள் கலையரசி.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துச் சங்கு. சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்றார் டாக்டர். அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்தது.

வெளியே வராந்தாவில் அமாவாசையின் மாமியார் வீரம்மாள் காத்திருந்தார். முகத்தில் பூரிப்பு.

"மாப்ள, சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. பாப்பாவப் பெட்டிய வுட்டு எடுக்கறாங்க. ஒரு விசேஷம் இருக்கு."

"என்ன விசேஷம் அத்தை?"

"சொன்னா எதுனா நக்கல் பண்ணிக் கெடுத்துடுவீங்க. எங்க மாப்ள உங்களுக்குத்தான் வேல பாக்குறாருன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். பெரிய டாக்டரே ஒத்துக்கிட்டாரு. எம் பொண்ணு அனிதாவுக்கும் சம்மதம். வந்து பாருங்க."

அமாவாசை இரண்டாவது மாடிக்குப் போய்க் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். திருச்சிக்குக் கொண்டு போய்விடலாமா என்று அவன் கேட்காத ஆளில்லை. பெட்டியை விட்டு எடுத்தால் தாங்காது என்று இன்று வரை சொல்லி வந்தார்கள். அறைக்குள் எங்கோ ஒளிந்திருக்கிற கிருமிக்கு நடுவில் பிள்ளையை விட்டுவிட்டு, அந்தக் கிருமியைத் தேடி ஊர் ஊராக அலைகிற அப்பன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"கெளம்பு" என்றாள் கலையரசி. "இங்க நின்னா கண்ணாடியில மூச்சுதான் படியும்."

*

பெரம்பலூரில், குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வகம். கிருமி ஆய்வு செய்யும் டாக்டர் முத்தமிழ் இவர்களை உட்காரச் சொன்ன கையோடு அமாவாசையைக் கேட்டாள்.

"மூக்கு ஒழுகுதே. என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"தெரு முனை மெடிக்கல்ல கேட்டேன் மேடம். அவரே ஒரு ஆன்டிபயாடிக் அட்டை குடுத்தாரு. ரெண்டு மாத்திரையில கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

"மிச்ச மாத்திரை?"

"வீணாப் போகக் கூடாதுன்னு தம்பிக்குக் குடுத்துட்டேன்."

"கிருமிங்க எல்லாம் சேர்ந்து ஒருநாள் உங்களுக்குக் கோயில் கட்டும்" என்றாள் முத்தமிழ்.

அமாவாசை மூக்கைத் துடைத்துக் கொண்டான். கலையரசி அதை ரசித்தாள்.

"நர்ஸ் புவனேஸ்வரி விஷயம் என்னாச்சு டாக்டர்?"

"அந்தப் பொண்ணு கையில எடுத்த சாம்பிள்ல ஒண்ணுமே இல்லை. ராஜவேல் சார்கிட்ட சொன்னேன். 'மறுபடி எடுங்க'ன்னார். எடுத்தோம். அப்பவும் இல்லை. 'வர்ற வரைக்கும் எடுங்க'ன்னார்."

"அவரு தேர்தல்ல நிக்கலாம்" என்றான் அமாவாசை.

முத்தமிழ் சிரிக்கவில்லை. கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் வண்ண வண்ணக் கோடுகள் ஓடின. அமாவாசைக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

"விசித்திரம் இதுதான். நாலு குழந்தைக்கு ஒரு வகைக் கிருமி. மீதி ரெண்டு குழந்தைக்கு முழுக்க வேற வகை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா ஆறுலயும் ஒரே ஜீன். மருந்து உள்ள வந்தா அதை வெட்டிப் போடுற ஜீன். கொஞ்சம்கூட மாறாம அச்சு அசலா ஒண்ணு."

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் எப்படி மேடம் ஒரே மச்சம் இருக்கும்?"

"இந்த ஜீனை ஒரு சின்ன வளையத்துல தனியா வெச்சிருக்கும். பக்கத்துல வேற வகைக் கிருமி வந்தா, அந்த வளையத்தை நகல் எடுத்து நீட்டிடும். நம்ம இனமா, நம்ம சாதியான்னு பாக்காது."

"பரீட்சை ஹால்ல பிட்டு குடுக்கிற மாதிரி!"

"அதேதான். ஆனா பிட்டு கை மாறணும்னா பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கணும் இல்லையா?"

கலையரசி மெல்ல நிமிர்ந்தாள். "அப்ப ஒருத்தர் கையில ஒட்டிக்கிட்டு வந்த கிருமி இல்லை இது. ரெண்டு வகையும் ரொம்ப நாள் ஒண்ணாத் தங்கின ஹாஸ்டல் எங்கயோ இருக்கு."

"கண்டிப்பா. எப்பவும் ஈரமா இருக்கும். தின்ன எதுனா இருக்கும். தினமும் கொஞ்சம் மருந்தும் விழும். அதுல நோஞ்சான் கிருமி சாகும், ஜீன் வெச்சிருக்கிறது மட்டும் பெருகும். அங்கேருந்து ஆறு குழந்தைக்கும் வாய் வழியாத்தான் போயிருக்கணும்னு நெனைக்கிறேன். வயித்துலேர்ந்து ரத்தத்துக்கு ஏறியிருக்கு."

"ஆனா அங்க தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கறதில்லையே" என்றான் அமாவாசை.

"போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் முத்தமிழ். மூடி போட்ட சின்ன டப்பாக்கள் இரண்டை எடுத்துக் கலையரசியிடம் கொடுத்தாள். "ஹாஸ்டல் கெடச்சா இதுல கொஞ்சம் பிடிச்சிட்டு வாங்க."

படியிறங்கும்போது கலையரசி கைப்பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து உடைத்தாள். அவளுக்கு மூளை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

"ரெண்டே கேள்விதான்டா. ஸ்பெஷல் ரூம்ல இருந்தும் தப்பிச்ச ஒரே குழந்தை யாரு?"

"டாக்டரு பேரன்."

"இலவச வார்டுல இருந்தும் மாட்டுன ஒரே குழந்தை?"

"வேப்பந்தட்டை அங்கமுத்துன்னு ஒருத்தர் மகன். அதுதான்..." அமாவாசைக்கு அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. இறந்து போன குழந்தை அதுதான்.

"ஆக, பேரனுக்குக் கெடைக்காத ஏதோ ஒண்ணு அங்கமுத்து மகனுக்குக் கெடச்சிருக்கு."

"பெரிய டாக்டர் பேரனுக்குக் கெடைக்காம, வேப்பந்தட்டை கூலிக்காரர் மகனுக்குக் கெடைக்கிறதா? இந்த நாட்டுல அப்படி ஒரு பொருள் இருக்காக்கா?"

"இருக்கு. அது என்னன்னு அங்கமுத்துகிட்டயே கேப்போம். வண்டிய எடு."

*

அங்கமுத்துவின் வீடு வேப்பந்தட்டையில் மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. ரோட்டின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காய்ந்தது. மற்ற பாதியில் பஸ் போனது. வாசலில் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்க, அதன் தாளை அரிந்து கொண்டிருந்தார் அங்கமுத்து. வேறு யாருடைய காட்டிலோ விளைந்த வெங்காயம். உள்ளே அவர் மனைவி காத்தாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உத்தரத்தில் கட்டிய புடவைத் தொட்டிலை இன்னும் அவிழ்க்கவில்லை.

கலையரசி தரையிலேயே உட்கார்ந்து, தானும் ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். "ஆஸ்பத்திரியில இருந்தப்ப, புள்ளைக்கு வெளியிலேர்ந்து எதுனா குடுத்தீங்களா? பசும்பாலு, நாட்டு மருந்து?"

"இல்லீங்க. போர்டு வச்சிருக்காங்களே, தாய்ப்பாலு மட்டும்னு. பசும்பால மோந்து பாக்கக்கூட வுடல."

"புட்டி, நிப்பிள்?"

"எதும் இல்லீங்க."

பேச்சு அதோடு நின்றுவிட்டது. வெங்காயத் தாள் அரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனம் அமாவாசையை நெளிய வைத்தது. எதையாவது பேசியாக வேண்டுமே என்று, பிள்ளை பெற்ற வீட்டில் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டு வைத்தான்.

"சேனை யாருண்ணே வச்சது? தாய்மாமனா?"

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவருடைய குணம் அப்படியே பிள்ளைக்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால்தான் பிள்ளை அடம் பிடித்தாலும், திருட்டு முழி முழித்தாலும், "இதுக்கு எவன் சேனை வச்சான்?" என்று கேட்பார்கள். நல்ல ஆளாகப் பார்த்துக் கெஞ்சிக் கூட்டி வந்து வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

அங்கமுத்துவின் முகம் அப்போதுதான் முதன்முதலாக மலர்ந்தது.

"பெரிய டாக்டரேங்க!"

கலையரசியின் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

"ஸ்பெஷல் ரூம்ல இருக்கிறவங்க புள்ளைங்களுக்கு எல்லாம் அவருதான் வைப்பாராம். கூட்டுற அம்மா சொல்லிச்சு. எங்க வம்சத்துல பத்தாவது தாண்டுன ஆளு இல்லீங்க. அவரு கையால வச்சா அவரு புத்தி வரும்ல? கால்ல வுழுந்து கேட்டேன். பெரிய மனசு பண்ணி வந்தாரு. வெள்ளிச் சங்குல சர்க்கரைத் தண்ணி. எம் புள்ள நாக்க நீட்டி நீட்டிச் சப்புனான்." அவர் குரல் இறங்கியது. "அடுத்து காய்ச்சல் வந்துடுச்சு. அது எங்க விதி. அவரக் குத்தம் சொல்லக்கூடாதுங்க. அவரு செஞ்சது பெரிய உபகாரம்."

கலையரசி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"எதனால போச்சுன்னு தெரிஞ்சா மட்டும் ஒரு போன் அடிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் அங்கமுத்து, வீட்டுக்குள் பார்த்தபடி. "இவ, தன் பாலுலதான் ஏதோ கோளாறுன்னு சாப்புடாம கெடக்கா."

"கட்டாயம் சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்" என்று அவர் நம்பரைக் குறித்துக் கொண்டு எழுந்தாள் கலையரசி.

திரும்பிப் பார்த்தால் அமாவாசை சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றான்.

"அக்கா. சாயங்காலம் விசேஷம்னு எங்க அத்தை சொன்னாங்களே. பெரிய டாக்டரே ஒத்துக்கிட்டாருன்னு..."

"ஓடு" என்றாள் கலையரசி.

*

வண்டியைக் கலையரசி ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து அமாவாசை போன் அடித்துக் கொண்டே வந்தான். மனைவி அனிதா போனை எடுக்கவில்லை. மாமியாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? போனில் கிருமி ஒட்டிக் கொண்டு வரும் என்று வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிற மருத்துவமனை அது. ராஜவேலின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் ரிசப்ஷன் நம்பர் கிடைத்தது.

"வணக்கம். சுத்தமே எங்கள் மூச்சு. உங்கள் கைகளைக் கழுவிவிட்டீர்களா?" என்று ஒரு பதிவு செய்த குரல் கொஞ்சியது. அது முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக் கொண்டிருந்தான். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"பெரிய டாக்டர் ஒரு விசேஷத்துல இருக்காங்க சார். தொந்தரவு பண்ணக் கூடாது."

"அத நிறுத்தச் சொல்லுங்கம்மா! சேனை வைக்கக் கூடாது! நான் கொழந்தையோட அப்பா!"

"புகார்னா நேர்ல வந்து எழுதிப் போடுங்க சார். பெட்டி லிஃப்ட் பக்கத்துல இருக்கு."

லைன் போய்விட்டது. பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் ஏறியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வழியை அடைத்துக் கொண்டு போயின. வெள்ளைத் தூசியில் எதிரே வருவது தெரியவில்லை. அமாவாசைக்கு அழுகை வந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்க்கா. டாக்டர் கையால வச்சா பாப்பா டாக்டராயிடும்னு ஆசைப்பட்டிருப்பேன்."

"வாய மூடிட்டுக் கெட்டியாப் புடி" என்றாள் கலையரசி. இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டியைச் செருகினாள்.

மருத்துவமனை வாசலில் காவலாளி கையை விரித்துத் தடுத்தார். "செருப்பக் கழட்டுங்க. சானிடைசர் போட்டுட்டுப் போங்க."

அமாவாசை அங்கிருந்த பாட்டிலை அமுக்கினான். காற்று மட்டும் வந்தது.

"காலியாயிருக்கே!"

"அமுக்கணும் சார். அதுதான் ரூல்" என்றார் காவலாளி.

மீண்டும் அமுக்கிக் காற்றை இரண்டு கையிலும் தேய்த்துக் கொண்டு மாடிக்கு ஓடினான்.

இரண்டாவது மாடிக் கூடத்தில் தாய்மார்கள் கூடி நின்றார்கள். நடுவில் அனிதா, மடியில் துணி சுற்றிய மகள். வீரம்மாள் கைகூப்பி நின்றார். பட்டுச் சட்டையில் டாக்டர் ராஜவேல், இடக்கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, வலக்கையிலிருந்த வெள்ளிச் சங்கைச் சாய்த்துக் கொண்டிருந்தார். குழந்தை வாயைத் திறந்தது.

விளக்கம் சொல்ல நேரமில்லை. பாய்ந்து சங்கைப் பிடுங்கிய அமாவாசைக்கு அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சுற்றிலும் குழந்தைகள். ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டான்.

கூடத்தில் நின்ற தாய்மார்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"அடப் பாவி!" என்றார் வீரம்மாள். "மாப்ளைக்குப் புத்தி பெரண்டுடுச்சு!"

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கலையரசி தலையில் கை வைத்தாள். "ஆதாரத்தக் குடிச்சிட்டியேடா!"

"இனிப்பா இருந்துச்சுக்கா."

"அனிதா, உள்ள போச்சா? பாப்பா வாயில ஒரு சொட்டாவது பட்டுச்சா?" என்றாள் கலையரசி.

அனிதா திகைத்துப் போய் இல்லையென்று தலையாட்டினாள். அமாவாசை தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு எதுனா ஆவுமாக்கா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது, பெரியவங்க வயிறு தாங்கும். டாக்டர் புத்தி வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு" என்றாள் கலையரசி. சங்கின் மூக்கில் தொங்கிய மிச்சச் சொட்டை முத்தமிழ் கொடுத்த டப்பாவில் வடித்து மூடினாள்.

"என்ன கூத்து இது?" ராஜவேலின் குரல் உயர்ந்தது. "நான் உங்களை நர்ஸைப் பிடிக்கச் சொன்னேன்!"

"நீங்க கிருமிக்கு எந்த ஊர்னு கேட்டீங்க சார். கண்டுபிடிச்சுட்டேன். இந்த ஊருதான். இந்த ஆஸ்பத்திரிதான். உங்க ரூம் வாஷ்பேசின்."

"உளறாதீங்க!"

"இந்தச் சங்க எங்க கழுவுறீங்க?"

"என் ரூம்லதான். அதுக்கென்ன?"

"காலையில அதே பேசின்லதான் ஒரு சிஸ்டர் மீந்த ஊசி மருந்தையெல்லாம் ஊத்துனாங்க. தெனம் ஊத்துறாங்க. அங்க இருக்கிற கிருமி அத்தனையும் உங்க மருந்தக் குடிச்சே பழகிடுச்சு. ஒண்ணு கத்துக்கிட்டத இன்னொண்ணுக்கும் சொல்லிக் குடுத்துடுச்சு. நீங்க சங்க அதுல அலசி, அது விளிம்புலயே ஈரத்தோட கவுத்து வைக்கறீங்க. அப்புறம் சர்க்கரைத் தண்ணி ஊத்தி ஒவ்வொரு புள்ள நாக்குலயும் வைக்கறீங்க. நீங்க சேனை வச்ச ஆறு பேருக்கும் காய்ச்சல். வைக்காத யாருக்கும் இல்லை."

தாய்மார்களில் இரண்டு பேர் தங்கள் குழந்தையை இறுக்கிக் கொண்டார்கள்.

"வெள்ளியில கிருமி தங்காது மேடம்!" என்றார் எம்.டி. படித்த ராஜவேல். "அது கைராசிச் சங்கு. எங்க வம்சத்துல மூணு தலைமுறை... இதெல்லாம் உங்க கற்பனை. நிரூபணம் எங்கே?"

"டப்பா பெரம்பலூருக்குப் போகுது. நாளைக்கு விசாரணைக் குழு வரும்போது முத்தமிழ் டாக்டர் சொல்லுவாங்க. எனக்கு இப்ப ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். அவ்வளவு கைராசின்னா, உங்க பேரனுக்கு யாரு சார் சேனை வச்சது?"

"அவனுக்கு எதுக்கு அந்தக் கண்றாவியெல்லாம்?" என்றார் ராஜவேல் படாரென்று. "பொறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு..."

நிறுத்திக் கொண்டார். ஆனால் அவர் தலைக்கு மேலே அதே போர்டு தொங்கியது. அவர் விழுங்கிய மிச்சத்தைக் கூடத்தில் நின்ற எல்லோரும் படித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படித்து முடித்தார்கள்.

வீரம்மாளின் கூப்பிய கை மெதுவாக இறங்கியது. "அப்ப எங்க புள்ளைங்களுக்கு மட்டுந்தானா சார்?"

"நீங்கதானம்மா கேட்டீங்க! கால்ல விழுந்து கேக்கறீங்க. பெரிய மனுஷன்னு நெனச்சுக் கேக்கறீங்க. மாட்டேன்னு சொல்ல..." ராஜவேல் சுற்றிலும் பார்த்தார். "மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை என்று அமாவாசைக்குத் தோன்றியது. அதனால் கோபம் இன்னும் கூடியது. எழுந்துபோய் மகளின் பாதத்தைத் தொட நீட்டிய கையை, ஏதோ நினைத்துக் கொண்டவனாகப் பின்னுக்கு இழுத்தான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரப் போனான்.

கழுவிவிட்டு அவன் திரும்பி வந்தபோது கலையரசி, வந்த வேகத்தில் வாசலில் கொடுக்காமலே கொண்டு வந்துவிட்ட தன் போனில் ஒரு நம்பரைத் தேடிக் கொண்டிருந்தாள். "புவனேஸ்வரிக்கு வேலையத் திருப்பிக் குடுக்கறதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம் சார். இன்னிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. வேப்பந்தட்டையில காத்தாயின்னு ஒரு அம்மா, புள்ள தன் பாலாலதான் செத்துச்சுன்னு பட்டினி கெடக்காங்க. எதனால போச்சுன்னு இன்னிக்கே சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே சொல்லுங்க."

எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் கையில் வைத்தாள். மணி அடித்தது.

"அலோ?" என்றது அங்கமுத்துவின் குரல்.

"நான்... டாக்டர் ராஜவேல் பேசறேன்."

"ஐயா! பெரிய டாக்டருங்களா! நீங்களே பேசுறீங்களா!" அந்தக் குரல் வீட்டுப் பக்கம் திரும்பியது. "ஏ காத்தாயி, எந்திரிடி! யாரு பேசுறாங்க பாரு! நம்ம புள்ளைக்குச் சேனை வச்ச ஐயாடி! நம்மள ஞாபகம் வச்சுப் பேசுறாருடி! சொல்லுங்க ஐயா. சொல்லுங்க, ரெண்டு பேரும் கேக்குறோம்."

ராஜவேல் போனைப் பிடித்தபடி நின்றார். கூடத்தில் இருந்த தாய்மார்கள் அவர் வாயையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.